யோர்க்டவுனில் வாளை வாங்க வந்த லிங்கன் யார்?

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரலாறு படித்தவர்கள், படிப்பிப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் மகள் பதினோராம் ஆண்டு. அண்மையில் ஒரு பொது அறிவுப் போட்டிக்குப் போனாள். யார் நடத்தியது, எங்கே நடந்தது என்பதெல்லாம் வேண்டாம். கேள்வி இதுதான்: அமெரிக்க சுதந்திரப் போரில், 1781 இல் யோர்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது அந்தச் சரணடைவை ஏற்க அமெரிக்கர் பக்கத்திலிருந்து முன்னே வந்த தளபதி யார்? இவள் உடனே லிங்கன் என்றாள். நடுவர் பிழை என்று சொல்லிவிட்டு, லிங்கன் பிறந்ததே 1809 இல், வொஷிங்டன்தான் விடை என்று மற்றக் குழுவுக்குப் புள்ளியைக் கொடுத்துவிட்டார். இது வேறு லிங்கன் சேர், பெஞ்சமின் லிங்கன் என்று பிள்ளை சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒருவரை அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு ஓவியத்தை எடுத்துக் காட்டினாள். வெள்ளைக் குதிரையில் ஒருவர் நடுவில் இருக்கிறார், கையை நீட்டுகிறார், அவர்தான் என்கிறாள். வொஷிங்டன் பின்னால் ஓர் ஓரமாக நிற்கிறார்.

புள்ளிக்காகக் கேட்கவில்லை, அது முடிந்த கதை. பிள்ளைக்கு இப்போது அந்த மனிதரைப் பற்றி முழுதாகத் தெரிய வேண்டும், எனக்கும்தான். நான் தேடிப் பார்த்ததில் தமிழில் ஒன்றுமே இல்லை. இவர் யார், ஆபிரகாம் லிங்கனுக்குச் சொந்தமா, எதற்காக வொஷிங்டன் தானே வாங்காமல் இவரை முன்னுக்கு விட்டார்? இதற்கு முதல் வருடம் ஒரு பெரிய நகரத்தை எதிரியிடம் பறிகொடுத்தவர் இவர் என்றும் ஓரிடத்தில் வாசித்தேன். தோற்ற ஆளுக்கு எப்படி அந்த இடம் கிடைத்தது என்பது விளங்கவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

பழைய டீச்சர் (மட்டக்களப்பு) எழுதியது:

தம்பி, உங்கள் மகள் சொன்னதுதான் சரி. முதலில் அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

1781 ஒக்டோபர் 19. கோர்ன்வாலிஸ் பிரபு ஏழாயிரத்துக்கு மேற்பட்ட படையோடு சரணடைகிறார், ஆனால் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வரவில்லை. தனக்கு அடுத்த நிலையில் இருந்த சார்ள்ஸ் ஓஹாராவை அனுப்புகிறார். ஓஹாரா முதலில், அமெரிக்கரோடு சேர்ந்து சண்டை பிடித்த பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போவிடம் போகிறார், அமெரிக்கர்களிடம் தோற்றோம் என்று காட்டிக்கொள்ள மனமில்லை போலும். அங்கிருந்து வொஷிங்டன் பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். வொஷிங்டனோ, நீங்கள் உங்கள் துணைத் தளபதியை அனுப்பினால் என் பக்கத்திலும் துணைத் தளபதிதான் வருவார் என்ற முறையில் பெஞ்சமின் லிங்கனைக் காட்டுகிறார். ஆயுதங்களை எந்த வெளியில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று வழிகாட்டியது லிங்கன்தான். மகள் காட்டிய ஓவியம் ஜோன் ட்ரம்புல் வரைந்தது, வொஷிங்டன் நகரில் காங்கிரஸ் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் இருக்கிறது. நடுவில் வெள்ளைக் குதிரையில் இருப்பவர் லிங்கனேதான்.

இனி, தோற்ற ஆளுக்கு ஏன் அந்த இடம் என்ற உங்கள் கேள்வி. அதுதான் நல்ல கேள்வி, அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1733 இல் மசசூசெட்ஸில் ஹிங்கம் என்ற ஊரில் பிறந்தவர். விவசாயி. காணி, மாடு, வாற்கோதுமையிலிருந்து மோல்ட் எடுக்கிற தொழில், ஊர்ச் சபையில் எழுத்தர் வேலை, உள்ளூர்க் குடிப்படையில் ஒரு பதவி. தகப்பனும் ஆளுநரின் சபையில் இருந்த பெரிய மனிதர். எங்கள் பக்கத்துப் பழைய போடியார் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், ஊரில் வழக்கு வந்தாலும் கணக்கு வந்தாலும் அந்த வீட்டு வாசலுக்குத்தான் ஆட்கள் போவார்கள், அந்த மாதிரி. போர் தொடங்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, உடம்பும் கனம், சண்டைக்களம் கண்டதில்லை. ஆனால் படைக்கு ஆள் சேர்ப்பது, சாப்பாடு, உடுப்பு, வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் இவரிடம் கொடுத்தால் நடந்தது. 1777 பெப்ரவரியில் குடிப்படையிலிருந்த இவரை காங்கிரஸ் நேரே மேஜர் ஜெனரல் ஆக்கியது. அந்த முறை பதவி உயர்ந்த ஐந்து பேரில் இவர் ஒருவர், தாண்டிப் போகப்பட்டவர் பெனடிக்ட் ஆர்னல்ட். ஆர்னல்டின் மனக்கசப்பு பெரிதாக வளர்ந்தது அங்கேதான், அது பிறகு துரோகம் வரை போனது.

அதே வருடம் ஏப்ரல் 13, நியூஜேர்சியில் பவுண்ட் புரூக் என்ற இடத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேரோடு இவர் இருக்கும்போது விடியப்புறமாக நாலாயிரம் பேர் வந்து வளைத்துக்கொண்டார்கள். வந்தது யார் தெரியுமா? கோர்ன்வாலிஸ். லிங்கன் அரைகுறை உடுப்போடு தப்பினார். கடிதக் கட்டுகள் எதிரியிடம் போய்விட்டன. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பிறகு வடக்கே, சரட்டோகா. பெரிய சண்டை முடிந்த மறுநாள் 1777 ஒக்டோபர் 8 இல் வலது கணுக்காலில் குண்டு பட்டு எலும்பு நொறுங்கியது. மாதக்கணக்கில் படுக்கை. கால் மற்றக் காலைவிட இரண்டு அங்குலம் அளவுக்குக் கட்டையாகிப்போனது, மிச்ச வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். அந்தக் காலோடுதான் 1778 இல் தெற்குப் படைக்குத் தலைமை தாங்கப் போனார்.

தெற்கில் எல்லாமே சறுக்கல். 1778 டிசம்பரில், இவர் போய்ச் சேர்ந்த மாதமே, ஜோர்ஜியாவின் சவன்னா நகரம் பிரிட்டிஷாரிடம் விழுந்தது. 1779 இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தெஸ்தாங் வந்து சேர்ந்தார், ஆனால் லிங்கன் வரும் முன்னரே நகரைச் சரணடையச் சொல்லி, யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்துவிட்டார். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷாருக்கு உதவிப்படை உள்ளே போய்விட்டது. ஒக்டோபர் 9 தாக்குதல் படுதோல்வி. தெஸ்தாங் கப்பல்களோடு போய்விட்டார், லிங்கன் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகருக்குத் திரும்பினார்.

1780 வசந்தத்தில் பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டன் சார்ள்ஸ்டனை முற்றுகையிட்டார். அவருக்கு அடுத்தவர், ஆம், கோர்ன்வாலிஸ். லிங்கனுக்குப் படையை வெளியே எடுத்துக்கொண்டு போக வாய்ப்பு இருந்தது, இராணுவக் கண்ணோடு பார்த்தால் அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் நகரத்துப் பெரியவர்கள் விடவில்லை. படை வெளியேறப் பார்த்தால் படகுகளை உடைப்போம், கதவைத் திறந்து எதிரியை நாங்களே உள்ளே விடுவோம் என்று ஆலோசனைச் சபை ஆள் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில் குண்டு மழை பொழிந்தபோது, சரணடையாதே என்று நின்ற அதே நகர மக்கள் சரணடையுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். மே 12 இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படையினரோடு லிங்கன் சரணடைந்தார். அந்தப் போர் முழுவதிலும் அமெரிக்கர் தரப்பின் மிகப் பெரிய சரணடைவு அதுதான். கிளின்டன் வழக்கமான இராணுவ மரியாதையைக் கொடுக்கவில்லை. கொடியைச் சுருட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்றார். அந்தக் காலத்துப் படைக்காரனுக்கு அது உயிர் போகிற அவமானம். லிங்கன் நொண்டிக்கொண்டு முன்னால் நடந்து வந்தார்.

கைதியாக இருந்து பரிமாற்றத்தில் விடுதலையானார். என் மேல் விசாரணை வையுங்கள் என்று தானே கேட்டார். யாரும் வைக்கவில்லை. வொஷிங்டன் அவரைத் திரும்பவும் தன் அருகில் வைத்துக்கொண்டார். இப்போது யோர்க்டவுனுக்கு வாருங்கள். கொடியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வாருங்கள் என்று இம்முறை அமெரிக்கர்கள் சொல்கிறார்கள். அந்த நிபந்தனையைப் பேச்சுவார்த்தையில் விடாப்பிடியாக நின்று எழுதுவித்தவர் ஜோன் லோரன்ஸ், அவரும் சார்ள்ஸ்டனில் லிங்கனோடு பிடிபட்டவர்தான். அந்தப் படையைக் களத்துக்கு நடத்திப்போகிற ஆள் லிங்கன். இது தற்செயலாக அமைந்ததா, வொஷிங்டன் நினைத்துத்தான் செய்தாரா என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அந்த வரிசையைப் பார்த்தாலே போதும்.

ஆபிரகாமுக்கு நேரடிச் சொந்தம் இல்லை. இரண்டு குடும்பங்களும் ஹிங்கம் ஊரில் வந்து குடியேறியவை, ஆனால் மூதாதையர் வேறு வேறு. இன்னொன்று, வட கரோலினாவில் 1779 இலும் கென்டக்கியில் 1780 இலும் லிங்கன் என்ற பெயரில் மாவட்டங்கள் வந்தன, அவை பெஞ்சமினின் பெயரில் வந்தவை. ஆபிரகாம் பிறந்ததே அந்தக் கென்டக்கியில்தான், அதுவும் கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து.

---

வட்டைக்காரன் (சம்மாந்துறை) எழுதியது:

டீச்சர் அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் 1781 இல் நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் செய்த வேலையையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா? 1787 இல் கடனில் மூழ்கிய விவசாயிகளின் மேல் படை எடுத்துப் போன ஆள் இதே லிங்கன்.

மசசூசெட்ஸில் நடந்தது, ஷேய்ஸ் கிளர்ச்சி என்று தேடினால் வரும். போர் முடிந்து படைவீரர்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள், கையில் கொடுத்தது வெறும் கடதாசி. பிறகு தருவோம் என்ற கடதாசி. வீட்டில் அரிசிக்கு வழியில்லாதவன் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வந்த விலைக்கு விற்றான், வாங்கிச் சேர்த்தவர்கள் பட்டணத்துப் பணக்காரர்கள். இப்போது அரசாங்கம் அந்தக் கடதாசிக்கு முழுப் பெறுமதி கொடுக்கப்போகிறது, அதற்காக வரி போடுகிறது, வரியை வெள்ளிக்காசாகக் கட்டு என்கிறது. கட்டாதவனின் மாடும் காணியும் நீதிமன்றம் வழியாக ஏலத்துக்குப் போனது, ஆள் கடனுக்காகச் சிறைக்குப் போனான். தன் சம்பளக் கடதாசியை விற்றவன், அதை வாங்கினவனுக்குக் கொடுப்பதற்காக வரி கட்டுகிறான். இதை எங்கள் பக்கத்து வட்டையில் யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். இங்கே பெரும்போகத்துக்கு முன்னால் பெண்சாதியின் நகை அடகுக்குப் போகிறது, அறுவடை சரியாக வந்தால் மீள்கிறது, கதிர் முற்றுகிற நேரம் வெள்ளம் வந்தால் நகையும் இல்லை நெல்லும் இல்லை, ஆனால் வட்டிக்கு மட்டும் வெள்ளம் வராது. என் தகப்பன் அப்படி இரண்டு ஏக்கரை விட்டவர்.

டானியல் ஷேய்ஸ் யார்? பங்கர் ஹில்லிலும் சரட்டோகாவிலும் சண்டை பிடித்த கப்டன். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் கொடுத்த அலங்கார வாளைக் கடனுக்காக விற்றவர். ஒருவர் வாளோடு ஓவியத்தில் இருக்கிறார், இன்னொருவர் வாளை விற்றுச் சாப்பிட்டார், இரண்டு பேரும் ஒரே படை. அந்த விவசாயிகள் என்ன கேட்டார்கள்? ஏலத் தீர்ப்புக் கொடுக்கிற நீதிமன்றத்தைக் கொஞ்ச காலம் மூடி வையுங்கள் என்றார்கள், தாங்களே போய் வாசலை மறித்தார்கள். ஆளுநர் போடொயின் படை அனுப்ப முடிவெடுத்தார், கஜானாவில் பணம் இல்லை. லிங்கன் பொஸ்டனில் பணக்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போய், உங்கள் சொத்தில் ஒரு பகுதியைக் கடனாகத் தாருங்கள், மிச்சம் தப்பும் என்று சொன்னார். இதை அவரே வொஷிங்டனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆறாயிரம் பவுன் அளவு சேர்ந்தது. கடன் கொடுத்தவர்களின் பணத்தில், கடன்பட்டவர்களின் மேல் மூவாயிரம் பேர் படை. 1783 இல் அந்த வீரர்களை வெறும் கையோடு அனுப்பியபோது யுத்தச் செயலாளர் யார் என்றும் பாருங்கள். இவர்தான்.

நான் சொல்வது கோபத்தில் இல்லை. சார்ள்ஸ்டனில் அவர் பட்ட அவமானத்துக்கு மனம் இரங்குகிறது. ஆனால் அவமானம் என்னவென்று தெரிந்த மனிதர் இந்த வேலையை ஏற்றிருக்கக் கூடாது.

---

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

காக்கா, நீங்கள் எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை, ஆனால் கதை அந்த இடத்தில் முடியவில்லை. நான் இந்தக் கிளர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் சம்பளக் கதை. அந்த நாளில் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்கள் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. யுத்தச் செயலாளர் என்று பெயர் இருந்தாலும் பெட்டிச் சாவி அவரிடம் இல்லை, பெட்டியிலும் ஒன்றும் இல்லை. படையினருக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று கேட்கிற நிலையில்தான் அவர் இருந்தார்.

இனி 1787. ஜனவரி 25 இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் களஞ்சியத்தில் ஷேய்ஸின் ஆட்கள் மேல் பீரங்கி சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அதைச் சுட்டது லிங்கனின் படை இல்லை, ஷெப்பர்ட் என்ற வேறு தளபதியின் ஆட்கள். லிங்கன் அங்கே வந்தது இரண்டு நாள் கழித்து. பிறகு பெப்ரவரி 3 இரவு. ஹட்லியிலிருந்து பீட்டர்ஷாம் வரை ஏறக்குறைய முப்பது மைல், பனிப்புயல், எதிரே நிற்பவரைத் தெரியாது, நின்றால் விறைத்துச் சாக வேண்டும் என்பதற்காகவே நடந்துகொண்டிருந்தார்கள். ஐம்பத்து நான்கு வயது, கட்டைக் கால், அந்த மனிதர் அவர்களோடு போனார். விடிகிற நேரம் ஊருக்குள் நுழைந்தபோது கிளர்ச்சிக்காரர்கள் காலைச் சாப்பாட்டு ஆயத்தத்தில் இருந்தார்கள், இப்படியான இரவில் யாரும் வருவார்கள் என்று நினைக்கவேயில்லை. நூற்றைம்பது பேர் அளவில் பிடிபட்டார்கள், மற்றவர்கள் ஓடினார்கள், ஷேய்ஸ் வெர்மொன்ட்டுக்குத் தப்பினார். அந்த விடியலில் ஓர் உயிர் போகவில்லை. அதை நான் சின்ன விஷயமாக எடுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. மசசூசெட்ஸ் சட்டசபை, கிளர்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு மூன்று வருடம் வாக்கில்லை, ஜூரியில் இருக்க முடியாது, பதவி இல்லை, பள்ளியில் படிப்பிக்க முடியாது, சத்திரம் நடத்த முடியாது என்று சட்டம் போட்டது. வென்று வந்த தளபதி இதை எதிர்த்தார். ஊரில் பாதிப் பேரின் வாக்கைப் பறித்தால் அந்த ஊருக்குப் பிரதிநிதியே இருக்க மாட்டான், மனக்குறையைச் சொல்ல வாசல் இல்லாதவன் உள்ளுக்குள் எதிரியாகவே இருப்பான், தண்டித்தது போதும், திரும்ப ஊருக்குள் எடுங்கள் என்பது அவர் வாதம். மன்னிப்புக் கொடுக்க மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு அமைத்தபோது அதில் அவரும் ஒருவர், எழுநூறு பேருக்கு மேல் அந்தக் குழு வழியாக மன்னிப்புப் பெற்றார்கள். ஏப்ரல் தேர்தலில் போடொயின் தோற்று ஹன்கொக் வந்தார், அவரும் மன்னிப்புப் பக்கம் நின்றார். கிளர்ச்சி முழுவதற்குமாக இரண்டு பேர் தூக்கில் போனார்கள், அதுவும் கொள்ளைக் குற்றத்துக்கு. ஷேய்ஸுக்கும் பிற்பாடு மன்னிப்புக் கிடைத்தது.

தோற்றவனை எப்படி நடத்துவது என்பதை அவர் சார்ள்ஸ்டனில் தோற்றவனாக நின்று பார்த்தவர். நாங்கள் இருக்கிற மண்ணில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தோற்றவனை நடத்தின விதம்தான் அந்த மனிதரிடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது, யோர்க்டவுனில் வெள்ளைக் குதிரையில் நின்றதைவிட.

---

வட்டைக்காரன் (சம்மாந்துறை) எழுதியது:

ஆணைக்குழுக் கதை எனக்குத் தெரியாது, நன்றி தம்பி. வாக்குரிமை பற்றி அவர் சொன்னது நியாயமான பேச்சு. ஆனாலும் கடன் கொடுத்தவர்களிடம் பணம் வாங்கிப் படை திரட்டியதை என்னால் ஏற்க முடியாது. மன்னித்தார் என்கிறீர்கள், சரி. அடுத்த போகத்துக்கு அந்த விவசாயிக்கு விதைநெல் யார் கொடுத்தது? ஹன்கொக் வந்த பிறகு புதிய சட்டசபை வரியைக் குறைத்தது, கடன்காரருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கொடுத்தது. கிளர்ச்சி செய்ததால்தான் அது கிடைத்தது, இதையும் பிள்ளையின் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

---

ஆழிக்காற்று (திருக்கோவில்) எழுதியது:

இந்தப் போர் எங்கோ அத்திலாந்திக் கரையில் நடந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். எங்கள் கரைக்கும் வந்தது என்று மகளுக்குச் சொல்லுங்கள் அண்ணன்.

அமெரிக்கர்களோடு வியாபாரம் செய்கிறார்கள் என்ற கோபமும் சேர்ந்து 1780 டிசம்பரில் பிரிட்டன் ஒல்லாந்தரோடு போர் அறிவித்தது. அப்போது மட்டக்களப்புக் கோட்டை, திருகோணமலை எல்லாம் ஒல்லாந்தரிடம். யோர்க்டவுன் விழுந்து மூன்று மாதம் ஆக முன்னர், 1782 ஜனவரியில், பிரிட்டிஷார் திருகோணமலையைப் பிடித்தார்கள். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் ஏப்ரல் 12 இல் திருகோணமலைக்குத் தெற்கே பிரிட்டிஷ் கப்பல்களோடு கடும் சண்டை பிடித்துவிட்டு, அடிபட்ட கப்பல்களோடும் நோயாளிகளோடும் வந்து நங்கூரம் போட்டது மட்டக்களப்பில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை இங்கே நின்று கப்பல்களைச் சரிசெய்தார்கள். ஓகஸ்டில் திரும்பவும் இங்கே வந்து உதவிக் கப்பல்களுக்காகக் காத்திருந்து, அந்த மாதக் கடைசியில் போய்த் திருகோணமலையைப் பிடித்தார். அந்த வாரங்களில் புளியந்தீவுக் கோட்டைச் சுவரில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு யோர்க்டவுன் என்ற பெயர் தெரிந்திருக்குமா, தெரியாது, ஆனால் அதே போரின் கப்பல்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

கோர்ன்வாலிஸும் எங்கள் பக்கம் வந்தவர்தான். 1786 இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணிய வைத்து அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கினாரே, அவரேதான். 1805 இல் காசிப்பூரில் செத்தார். யோர்க்டவுனில் தோற்றது அவருடைய உத்தியோகத்தை ஒன்றும் செய்யவில்லை.

---

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகள் கொப்பியை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். சுஃப்ரென் இங்கே நின்ற கதையைக் கேட்டுவிட்டு கோட்டைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறாள். வட்டைக்காரன் காக்கா சொன்ன வரியையும் சேர்த்துவிட்டாள்.

அவள் கேட்கச் சொன்ன ஒன்று, டீச்சர். ஆர்னல்டுக்குப் பதவி கிடைக்காமல் போனதால் அவ்வளவு கசப்பு. லிங்கனை யாராவது அப்படித் தாண்டிப் போனார்களா, அப்போது அவர் எப்படி நடந்துகொண்டார்? அப்புறம், கடைசிக் காலம் எப்படிப் போனது?

---

பழைய டீச்சர் (மட்டக்களப்பு) எழுதியது:

பிள்ளை சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். 1777 ஓகஸ்டில் வெர்மொன்ட்டில் மன்செஸ்டர் என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஜோன் ஸ்டார்க் என்று நியூஹம்ஷயர் ஆள், கெட்டிக்காரச் சண்டைக்காரர், அவரையும் அதே பெப்ரவரியில் காங்கிரஸ் தாண்டிப் போய் வேறு ஆட்களுக்குப் பதவி கொடுத்திருந்தது. அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பிறகு நியூஹம்ஷயர் தனியாகத் திரட்டிய படைக்குத் தலைவராக வந்தார். லிங்கன் மேஜர் ஜெனரல், மேலதிகாரி. படையைக் கூட்டிக்கொண்டு ஹட்சன் பக்கம் வா என்று உத்தரவு கொடுக்கிறார். ஸ்டார்க் முடியாது என்கிறார். நான் நியூஹம்ஷயருக்குத்தான் பதில் சொல்வேன், காங்கிரசுக்கும் இல்லை உனக்கும் இல்லை என்கிற மாதிரி. பதவி என்று பிடித்திருந்தால் லிங்கன் அவரை இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பியிருக்கலாம். அவர் செய்யவில்லை. உத்தரவை அமுக்கிப் பிடிக்காமல், எதிரியின் பக்கவாட்டில் ஸ்டார்க் நின்றால் நல்லதுதானே என்று ஒத்துப்போனார், மேலிடத்துக்கும் அப்படியே எழுதினார். சில நாட்களில், ஓகஸ்ட் 16 இல், ஸ்டார்க் பெனிங்டனில் பெரும் வெற்றி எடுத்தார். பிரிட்டிஷ் தளபதி பேர்கொயினின் படை சரட்டோகாவில் மாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். வெற்றி ஸ்டார்க்குடையது, பேரும் அவருக்கே, அதில் லிங்கன் பங்கு கேட்டதாக இல்லை.

இன்னொன்றும் சேர்க்கலாம். சார்ள்ஸ்டனில் ஆள் போதாமல் தவித்தபோது, அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவருக்கு ஆயுதம் கொடுத்துப் படையில் சேர்ப்போம் என்ற லோரன்ஸின் யோசனையை லிங்கன் ஆதரித்தார், தென் கரோலினா அரசை வற்புறுத்தியும் எழுதினார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். நகரம் போனாலும் போகட்டும், அடிமை முறை போகக் கூடாது என்பதே அவர்கள் நிலை.

கடைசிக் காலம். மசசூசெட்ஸ் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட 1788 மாநாட்டில் அவரும் உறுப்பினர், அதே வருடம் மாநிலத்தின் துணை ஆளுநர். 1789 இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் ஜோர்ஜியாவிலிருந்து ஒரே ஒரு தேர்வாளர் வாக்கு இவருக்கு விழுந்தது. சவன்னாவை மீட்க முடியாமல் திரும்பியவருக்கு அந்த மாநிலத்திலிருந்தே ஒரு வாக்கு. 1789 இல் கிறீக் என்ற பழங்குடி மக்களோடும், 1793 இல் ஈரி ஏரிக்கரைக்குப் போய் மேற்கத்திய பழங்குடிகளோடும் பேச அனுப்பப்பட்ட குழுக்களில் இருந்தார், இரண்டுமே சரிவரவில்லை. காணியைத் திரும்பக் கொடு என்று கேட்டவர்களிடம் கொடுக்கும் அதிகாரம் இல்லாமல் போனால் எப்படிச் சரிவரும்? மேய்ன் பக்கத்துக் காட்டுக் காணிகளில் பணத்தைப் போட்டு அதிலும் நெருக்கடிப்பட்டார். வட்டைக்காரன் தம்பிக்கு இது சொல்ல வேண்டும், கடன் என்ன செய்யும் என்பது லிங்கனுக்குத் தன் வீட்டிலேயே தெரிந்தது.

வீட்டைக் கொண்டு நடத்தியது சுங்க உத்தியோகம். 1789 தொடக்கம் 1809 வரை பொஸ்டன் துறைமுகத்தில் சுங்க வரி சேகரிப்பாளர், இருபது வருடம். பேசிக்கொண்டிருக்கும்போதே, கடிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்துவிடுகிற பழக்கம் அவருக்கு நெடுகலும் உண்டு, விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாராம். 1810 மே 9 இல் ஹிங்கம் ஊரிலேயே காலமானார்.

கட்டுரையை எழுதி முடித்ததும் மகளை எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. ஆண்டுகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன்.